இரவில் உஸ்ஸென்று இரையும் சிஸ்டன்: எந்த வால்வு நல்லது?

மூன்றாம்மாடி:
வெள்ளவத்தையில் ஏழு மாடிக் கட்டடம், நாங்கள் மூன்றாவதில். மொட்டைமாடித் தாங்கியில் இருந்துதான் தண்ணீர் வருகிறது. கொமட் சிஸ்டனில் நீட்டுக் கம்பியும் பந்தும் உள்ள பழைய போல் வால்வு. ஃபிளஷ் பண்ணினால் நிரம்பி முடியும்வரை உஸ் என்று இரைச்சல், கடைசியில் சுவருக்குள் பைப் டக டக என்று அடிக்கும். இரவில் ஒருவர் எழும்பினால் வீடே எழும்புகிறது. இதே வகையில் மலிவாக ஒன்று மாற்றியும் பார்த்தோம், சில மாதத்தில் பழையபடிதான். சத்தமில்லாமல் சில வருடம் உழைக்கிறது எது? இணைப்பு சிஸ்டனின் அடியால் வருகிறது.

பைப்வேலை:
தம்பி, அதே வகையைப் போட்டால் அதே சத்தம்தான். பந்து உயர உயர தண்ணீர் வரும் வழி மெல்ல மெல்ல ஒடுங்கும், இரைச்சல் அதிலிருந்துதான். கடைசியில் பந்து அலையில் ஆடும்போது வால்வு திறந்து திறந்து மூடும், பைப் அதிரும்.
டயாபிரம் வால்வு என்று கேளுங்கள். உள்ளே மெல்லிய ரப்பர் தகடு இருக்கும், தண்ணீரின் அழுத்தமே அதைச் சட்டென்று மூடிவிடும். கெபெரிட், டோர்பெக், ஃபுளூயிட்மாஸ்டர் எல்லாம் இதற்குப் பெயர்பெற்றவை. பழைய சோனகத் தெருவில் நாலு கடை ஏறி இறங்குங்கள். ஆனால் பெயரைவிட ஒன்று முக்கியம்: அந்த ரப்பர் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லை என்றால் எவ்வளவு அழகான பெட்டியில் வந்தாலும் வேண்டாம்.

கொட்டாஞ்சேனைஅக்கா:
வாங்கமுதல் ஒரு விஷயம். ஒருவரும் ஃபிளஷ் பண்ணாமலே இடைக்கிடை சத்தம் வருகிறதா? கேக்குக்குப் போடும் கலரிங்கைச் சிஸ்டனுக்குள் சில சொட்டு விட்டு, அரை மணித்தியாலம் தொடாமல் விடுங்கள். கொமட்டுக்குள் நிறம் இறங்கினால் அடியில் உள்ள ஃபிளஷ் ரப்பர் ஒழுகுகிறது.

மூன்றாம்மாடி:
அக்கா, நிறம் இறங்கிவிட்டது! அப்ப வால்வு மாற்றத் தேவையில்லையா?

பைப்வேலை:
இரண்டுக்கும் வேலை இருக்கிறது. ஃபிளஷ் ரப்பரை மாற்றினால் நள்ளிரவில் தானாக நிரம்புவது நிற்கும். பைப் அடிப்பது அதால் நிற்காது. சிஸ்டனுக்குள் நீல வில்லை போடுகிற பழக்கம் இருந்தால் விடுங்கள், குளோரின் உள்ளவை ரப்பரைத் தின்றுவிடும்.
டயாபிரம் வால்வு மூடத் தண்ணீரின் அழுத்தம் வேண்டும்; தாங்கி 10 மீற்றர் உயரத்தில் இருந்தால் கிட்டத்தட்ட 1 பார் (அழுத்தத்தின் அலகு) கிடைக்கும். உங்கள் மாடிக்கு அழுத்தம் ஒரு பிரச்சினையே இல்லை. இன்றைக்கே சுவரோரத்து ஆங்கிள் வால்வைப் பாதி மூடிப் பாருங்கள், நிரம்ப நேரமெடுக்கும், சத்தம் குறையும்.

ஏழாம்மாடி:
எங்களுக்கு எதிர்ப் பிரச்சினை. தாங்கிக்கு நேர் கீழே வீடு, டோர்பெக் போட்டோம், நிரம்பவே மாட்டேன் என்கிறது.

பைப்வேலை:
தண்ணீர் நுழையும் இடத்தில் சின்னப் பிளாஸ்டிக் துண்டு செருகியிருக்கும், அது அழுத்தம் கூடிய இடத்துக்கு. கழற்றிவிடுங்கள். அங்குள்ள வடியில் (வடிகட்டும் வலை) மண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாம்மாடி:
சரி அண்ணை, டயாபிரம் வகையே வாங்குகிறேன். பொருத்தும்போது கவனிக்க வேண்டியது?

பைப்வேலை:
பொருத்தமுதல் பைப்பை வாளிக்குள் திறந்துவிட்டுத் தாங்கி மண்ணைக் கழுவுங்கள். ஒரு மணல் ரப்பருக்கடியில் நின்றாலும் புது வால்வே ஒழுகும். நட்டைக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பானரால் கால் சுற்று போதும்; பலம் காட்டினால் சிஸ்டன் வெடித்துவிடும். தண்ணீர் மட்டம் ஓவர்ஃபுளோ குழாயின் வாய்க்கு ஓர் இஞ்சி கீழே நிற்கட்டும்.