எண்ணூர் கழிமுகத்துல நீங்க கண்ணால பார்த்தது என்ன? அனுபவத்தைப் பகிருங்க

காட்டுக்குப்பம் படகுக்காரன்:
2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் ஓஞ்ச பிறகு வலை என்ன ஆச்சுன்னு பார்க்கப் போனேன். மணலி பக்கம் இருந்து வெள்ளத்தோட இறங்கின எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியா ஆத்துல கலந்து முகத்துவாரம் வரைக்கும் தாராட்டம் மிதந்துச்சு. அலையாத்திச் செடி எல்லாத்துலயும் தண்ணி ஏறின உயரத்துக்கு ஒரே கறுப்புக் கோடு. அந்தச் செடி ஓரமா ஒரு கூழைக்கடா. கழுத்துக்குக் கீழ முழுக்கக் கறுப்பு. றெக்கையை விரிக்குது, உதறுது, திரும்ப மடிச்சுக்குது. கிட்டப் போனாலும் நகரல.

தூக்கிப் படகுல போட்டேன். கொத்திடுமோன்னு அலகை நைலான் கயித்தால இறுக்கிக் கட்டினேன். கையில ஒட்டின எண்ணெயை மண்ணெண்ணெய் விட்டுத்தானே துடைப்போம். அதே பழக்கத்துல பழைய லுங்கியை நனைச்சு றெக்கையைத் துடைச்சேன். கரை சேர்றதுக்குள்ள தலை தொங்கிடுச்சு. எண்ணெய்தான் கொன்னுச்சுன்னு ஊர்ல சொல்லிட்டேன். ஆனா மனசு கேக்கல. வேற யாராவது இப்படித் தூக்கியிருக்கீங்களா?

தாழங்குப்பம் மீன்காரம்மா மக:
பறவையைத் தூக்கினதில்ல அண்ணா. அந்த மாசம் எங்கம்மா கூடையைத்தான் தூக்கினேன். "எண்ணூர் மீனா?"ன்னு கேட்டுட்டு முகத்தைச் சுளிச்சுட்டுப் போவாங்க. ஒருநாள் வித்துப்போகாத மடவையை வீட்லயே குழம்பு வெச்சோம். புளி, மிளகாய், பூண்டு எதுவுமே எடுபடல, சட்டி கொதிக்கக் கொதிக்க டீசல் வாடை. அன்னைக்கு வெறும் ரசம்தான். அடுத்த வாரத்துல இருந்து அம்மா "காசிமேட்டு மீன்"னு சொல்லி வித்தாங்க. பாதி நாள் அது உண்மைதான்.

ராயபுரம் பறவைப் பித்தன்:
காட்டுக்குப்பம் அண்ணா, கேட்டதால சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கூழைக்கடாவுக்கு வெளிய தெரியுற மாதிரி மூக்கு ஓட்டை கிடையாது. வாய் வழியாத்தான் மூச்சு. அலகை இறுக்கிக் கட்டினா மூச்சு முட்டும். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், அந்த ஆவியும் நுரையீரலுக்கு ஆகாது.

அதுக்காக உங்களால மட்டும் செத்துச்சுன்னும் நான் நினைக்கல. இறகு ஒன்னோட ஒன்னு கோத்துக்கிட்டு தண்ணி உள்ள போகாம காக்கும். எண்ணெய் பட்டா அந்தக் கோப்பு விட்டுடும், தண்ணி தோல் வரைக்கும் இறங்கி உடம்புச் சூடு போயிடும். அது பத்தாதுன்னு பறவை அலகால கோதிக் கோதி எண்ணெயை வயித்துக்குள்ளயும் இறக்கும். கிட்டப் போயும் நகரலன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, அப்பவே அதுக்குத் தெம்பு இல்லை. அடுத்த தடவை துண்டால மூடுங்க, சூடா, இருட்டா வைங்க, வனத்துறைக்குப் போன் போடுங்க. கழுவுறது கடைசி வேலை, தெம்பு வந்த பிறகு. வெதுவெதுப்பான தண்ணியும் பாத்திரம் கழுவுற சோப்புத் திரவமும் வெச்சு, தெரிஞ்சவங்க மட்டும்.

நெட்டுக்குப்பம் பெரியவர்:
2017 ஜனவரி 28 யாருக்கும் ஞாபகம் இருக்கா? துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுன நாள். பாறை இடுக்குல கட்டியா ஒட்டினதை வாளியில மொண்டோம். அது பங்குனி ஆமை முட்டையிடக் கரைக்கு வர்ற பருவம். கறுப்பு அப்பின ஒரு ஆமை கரையில கவிழ்ந்து கெடந்துச்சு. சொரண்டிப் பார்த்த பிறகுதான் ஓடுன்னே தெரிஞ்சுது.

ஆனா எண்ணெயாவது கண்ணுக்குத் தெரியுது, டிவிக்காரன் வர்றான். சாம்பலுக்கு யார் வர்றாங்க? அனல் மின் நிலையச் சாம்பலைக் குழாயில தண்ணியோட தள்ளுவாங்க. குழாய் ஒழுகி ஒழுகி ஆத்துக்குள்ளயே படிஞ்சிருக்கு. நிலக்கரிச் சாம்பல்ல பாதரசம், ஆர்செனிக் எல்லாம் உண்டு. எங்க காலத்துல இடுப்பளவு தண்ணியில நின்னு, காலால சேத்தைத் தடவியே இறால் எங்க இருக்குன்னு சொல்லிடுவோம். இப்ப அதே இடத்துல முழங்கால் அளவுதான் தண்ணி. காலுக்கடியில சேறு இல்லை, காய்ஞ்ச சிமெண்ட்டாட்டம் இருக்கு. நண்டு அதுல எப்படி வளை தோண்டும்? சேறு மிச்சம் இருக்கிற இடத்தையும் காக்கா ஆழி வந்து மூடிடுச்சு. கால் வெச்சா ஓடு கிழிக்குது.

திருவொற்றியூர் வாசகன்:
ஐயா, காக்கா ஆழி கெமிக்கல் இல்லையே? அமெரிக்கா பக்கத்துக் கடல்ல இருந்து வந்த சிப்பிதானே?

நெட்டுக்குப்பம் பெரியவர்:
தெரியும் தம்பி. பழைய குடித்தனக்காரன் காலி பண்ணின வீட்டுலதான் புதுசா ஒருத்தன் பூந்துக்குவான்.

சின்னக்குப்பம் நைட் ஷிப்ட்:
நான் சுருக்கமா சொல்லிடறேன். 2023 டிசம்பர் 26 ராத்திரி, அம்மோனியா கசிஞ்ச அன்னைக்கு. கண்ணு எரிஞ்சு, குழந்தையை ஈரத்துணியில சுத்திக்கிட்டு ஓடினோம். விடிஞ்சு திரும்பி வந்தா கரையோரம் செத்த மீன். காக்கா கூட அதைத் தொடல. வழக்கமா ஒரு தலை கெடந்தாலும் சண்டை போடுற காக்கா.

காட்டுக்குப்பம் படகுக்காரன்:
ராயபுரம் தம்பி, அலகு விஷயம் எனக்குச் சத்தியமா தெரியாது. சொன்னதுக்கு நன்றி. ஒரு சந்தேகம். அவ்ளோ பெரிய பறவையை எதுக்குள்ள வைக்கிறது? எங்கிட்ட மீன் ஐஸ் பெட்டிதான் இருக்கு.

ராயபுரம் பறவைப் பித்தன்:
ஐஸ் பெட்டி வேண்டவே வேண்டாம்ணா, காத்தும் போகாது. வாஷிங் மெஷின் வர்ற அட்டைப்பெட்டி கடையில சும்மாவே குடுப்பாங்க. பக்கவாட்டுல நாலஞ்சு ஓட்டை போட்டு, அடியில பழைய புடவையை விரிச்சு வைங்க.