எம்.சி.ஏ. சீட் கிடைச்சிருக்கு, லோன் போடலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

கேட்டவர், அருப்புக்கோட்டை

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சிருக்கேன். எம்.சி.ஏ. படிக்கணும்னு ஆசை. சென்னைப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துல இடம் கொடுத்திருக்காங்க. ரெண்டு வருஷத்துக்கு ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து 6 லட்சம். அரசு கவுன்சலிங்குக்கான டான்செட் நுழைவுத் தேர்வும் எழுதியிருக்கேன், மார்க் மோசமில்லை, ஆனா கவுன்சலிங் தேதி இன்னும் வரல. தனியார்ல 25,000 முன்பணத்தைப் பத்து நாளுக்குள்ள கட்டணுமாம்.

அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுறாங்க. வீடு அப்பத்தா பேர்ல இருக்கு. அட்மிஷன் ஆபீஸ்லயே ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்காரர் உட்கார்ந்திருந்தார். வீட்டுப் பத்திரத்தைக் கொண்டு வந்தா ரெண்டு நாள்ல பணம் ரெடின்னார். அன்னைக்கு ராத்திரியே அப்பத்தா டிரங்குப் பெட்டியைத் திறந்து, மஞ்சப்பையில இருந்த பத்திரத்தை எடுத்து என் கையில கொடுத்துட்டாங்க. வாங்கினதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லை. லோன் எடுத்துப் படிச்சவங்க, எடுக்காம விட்டவங்க, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க.

தேனி

தங்கச்சி, நீ கேட்டதும் எனக்கு 2009 ஞாபகம் வந்துருச்சு. அந்த வருஷம்தான் எம்.பி.ஏ.வுக்கு 4 லட்சம் லோன் எடுத்தேன். ஜாமீன் கேக்கல, பத்திரம் கேக்கல. அப்பாவும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டோம். "படிச்சு முடிக்கிற வரைக்கும் ஒண்ணும் கட்ட வேண்டாம்"னு சொன்னாங்க. நாங்க அதை "வட்டியும் கிடையாது"ன்னு புரிஞ்சுக்கிட்டோம். எங்க தப்பு அங்கதான் ஆரம்பிச்சது. கட்ட வேண்டாம்னுதான் சொன்னாங்க, வட்டி மட்டும் முதல் நாள்ல இருந்தே ஓடிக்கிட்டிருந்துச்சு. வருஷத்துக்கு 2 லட்சமாக் கொடுத்தாங்க, பன்னிரண்டரை சதவீதம். படிப்பு ரெண்டு வருஷம், அதுக்கப்புறம் ஒரு வருஷம் அவகாசம். தவணை ஆரம்பிச்ச அன்னைக்குக் கணக்குல நின்னது 5,25,000. ஏழு வருஷத் தவணைக்கு மாசம் 9,400.

என் சம்பளம் 9,000. சென்னையில ஒரு சேல்ஸ் வேலை. ரூம் வாடகை போக என்ன மிஞ்சும், நீயே யோசி.

மூணு மாசம் கட்டலன்னா கணக்கை வாராக்கடன்ல தள்ளிருவாங்க. அப்படித்தான் ஆச்சு. எங்க ஊர்ப்பக்கம் வீரபாண்டித் திருவிழா சமயம், வீடு முழுக்கச் சொந்தக்காரங்க. அப்போ வசூலுக்குன்னு ஒருத்தர் வந்து வாசல்ல நின்னு சத்தமாக் கேட்டார். அப்பா ஒரு வார்த்தை பேசல. அதுக்கப்புறம் டீக்கடைப் பக்கம் போறதையே நிறுத்திட்டார். கடன் என் பேர்லன்னுதான் நான் நினைச்சிட்டிருந்தேன். அவரும் கூட்டுக் கடன்காரர்ங்கறது, 2014-ல டிராக்டருக்கு லோன் கேட்டுப் போனப்போ சிபில், அதாவது பழைய கடனைக் கட்டின வரலாறு, சரியில்லைன்னு திருப்பி அனுப்பினாங்களே, அப்பத்தான் உறைச்சது.

2019-ல ஒரே தவணையில பேசி முடிச்சேன். கொஞ்சம் குறைச்சுக்கிட்டாங்க, சந்தோஷமா இருந்துச்சு. ஆனா சிபில்ல 'செட்டில்டு'ன்னு விழுந்துருச்சு. மூணு வருஷம் கழிச்சு வீட்டு லோனுக்குப் போனா அதையே காரணமாச் சொன்னாங்க. விட்ட பாக்கியையும் கட்டி 'குளோஸ்டு'ன்னு மாத்தினதுக்கு அப்புறம்தான் வழி பிறந்துச்சு.

இன்னொண்ணு சொல்லணும், இதுதான் எனக்கு ரொம்ப வலிக்கும். 2009-10-லயே மத்திய அரசு வட்டி மானியத் திட்டம் வந்துருச்சு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா, படிக்கிற காலத்துக்கும் அவகாசத்துக்கும் உண்டான வட்டியை அரசாங்கமே கட்டும். எங்க குடும்பத்துக்கு அது பொருந்தும். வருமானச் சான்று ஒண்ணு கொடுத்திருந்தாப் போதும். கேக்கணும்னு எனக்குத் தெரியல, அவங்களும் சொல்லல. ஒன்னேகால் லட்சம் அப்படியே போச்சு.

நாகர்கோவில்

தேனித் தம்பி எழுதினதைப் படிச்சு மனசு கனத்துப் போச்சு. ஆனா பாப்பா, எனக்கு லோன் நல்லதுதான் செஞ்சுது, அதையும் நீ கேக்கணும்.

நான் நர்ஸ். ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு 2016-ல எம்.எஸ்சி. நர்சிங் சேர்ந்தேன். முதல்ல போன கல்லூரியில ஃபீஸ் கடிதத்துல ஒரு தொகை, கையில ரொக்கமாக் கேட்டது வேற தொகை. பேங்க்காரங்க கடிதத்துல உள்ளதை மட்டும்தான், அதுவும் நேராக் கல்லூரி பேருக்கே அனுப்புவாங்க. மிச்சத்துக்குக் கந்துவட்டிதான் வாங்கணும். வேண்டாம்னு வந்துட்டேன். ரெண்டாவது கல்லூரியில எனக்கு முன்னாடி முடிச்ச ரெண்டு பேட்ச் அக்காமார்களைத் தேடிப் பிடிச்சுப் பேசினேன். அவங்கள்ல ரொம்பக் குறைச்சலா வாங்குறவங்க சம்பளம் எவ்வளவு, வேலை கிடைக்காம இருக்கிறவங்க எத்தனை பேர், இந்த ரெண்டும்தான் கேட்டேன். நோட்டீஸ்ல போட்டிருந்த பெரிய சம்பளத்தைப் பத்தி ஒருத்தரும் பேசல.

படிப்பு ஃபீஸுக்கு மட்டும் லோன், ஹாஸ்டலுக்குச் சேத்து வச்ச காசு. படிக்கும்போதே மாசாமாசம் வட்டியை மட்டும் கட்டிட்டு வந்தேன். அப்படி விடாமக் கட்டினா ஒரு சதவீதம் வட்டி குறைப்பாங்க, எனக்குக் குறைச்சாங்க. உன் 6 லட்சத்துக்குப் பத்தரை சதவீதம்னு வச்சா முதல் வருஷம் மாசம் 2,625, ரெண்டாம் வருஷம் 5,250 வரும். அப்பாவால முடியுமான்னு அவர்கிட்டயே கேளு. முடியாதுன்னா அதுவும் ஒரு பதில்தான்.

இப்போ நர்சிங் கல்லூரியில சொல்லிக் கொடுக்கிறேன். போன வருஷம் கடன் முடிஞ்சுது. அன்னைக்கு அம்மா பால் பாயசம் வச்சாங்க.

திருச்சி

நான் எடுக்காம விட்டவன். 2013-ல என்.ஐ.டி.க்களோட எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வான நிம்செட் எழுதி எங்க ஊர் என்.ஐ.டி.யிலயே எம்.சி.ஏ. கிடைச்சுது. அப்பாவுக்குக் கடன்னாலே பயம், அவரோட அப்பா கடன்ல நிலத்தை இழந்தவர். நானும் எதிர்த்துப் பேசல, எனக்கு அப்போ 21 வயசு. இன்னைக்கும் துவாக்குடி வழியா பஸ்ல போனா அந்தக் கேட்டைப் பாக்காம இந்தப் பக்கம் திரும்பிக்குவேன். கடன் தப்பில்ல. எந்தப் படிப்புக்கு, எந்த இடத்துக்குங்கறதுதான் எல்லாமே.

ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

அம்மாடி, முதல் வேலையா அந்தப் பத்திரத்தை அப்பத்தாவிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கிடையாது. பெற்றோர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். உனக்குத் தேவை 6 லட்சம். அதற்கு எதற்கு வீட்டுப் பத்திரம்? வங்கியில் படிக்கும் காலத்துக்குத் தனி வட்டிதான், வட்டிக்கு வட்டி ஏறாது. தவணையைப் பதினைந்து ஆண்டு வரை நீட்டிக்கலாம். அந்த ஃபைனான்ஸ் கம்பெனிக்காரரிடம் படிக்கும்போதே கட்ட வேண்டுமா, வட்டி எப்படிச் சேரும், செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டுப் பார்.

2024 நவம்பரில் வந்த பிரதமர் வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டத்தில் கல்வி நிறுவனங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது, தொடக்கத்தில் அதில் 860 நிறுவனங்கள். உன் பல்கலைக்கழகம் அதில் இருக்கிறதா என்று பார். இருந்தால் ஜாமீனும் வேண்டாம். தேனித் தம்பி சொன்ன வட்டி மானியத்தை ஒருவர் ஒருமுறைதான் பெற முடியும். நீ இளங்கலைக்கு வாங்கவில்லை என்றால் இப்போது கேட்கலாம். வருமானச் சான்றை இந்த வாரமே விண்ணப்பித்துவிடு.

தவணைக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். 6 லட்சம், பத்தரை சதவீதம், மானியம் இல்லை, நடுவில் வட்டியும் கட்டவில்லை என்றால் தவணை தொடங்கும்போது 7,57,500 ஆகியிருக்கும். பத்து ஆண்டுக்கு மாதம் சுமார் 10,200. பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் சுமார் 8,400. ஆனால் மொத்தமாகக் கட்டுவது 15 லட்சம். வேலை கிடைத்து வருமான வரி கட்டும் நிலை வந்தால், பழைய வரி முறையில், கட்டிய வட்டியை எட்டு ஆண்டு வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்.

ஒன்றை நான் சொல்லியே ஆக வேண்டும். மேனேஜராக இருந்தபோது ஒரு பையனை, உன் ஊர் எங்கள் கிளையின் எல்லையில் வராது என்று திருப்பி அனுப்பினேன். அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. எனக்கும் அது தெரியும். ஆண்டு முடிவு, வாராக்கடன் கூடியிருந்த நேரம், மேலிடத்துக்குப் பயந்தேன். அவன் அம்மா வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. உனக்கு யாராவது அப்படிச் சொன்னால் எழுத்தில் கேள், மேலதிகாரிக்கு எழுது. தயங்காதே.

கேட்டவர், அருப்புக்கோட்டை

எட்டு நாள் ஆச்சு, பதில் போட நேரமாயிடுச்சு, மன்னிச்சிருங்க.

நாகர்கோவில் அக்கா சொன்ன மாதிரி அந்தப் பல்கலைக்கழகத்துல போன வருஷம் முடிச்ச ஏழு பேர் நம்பரை வாங்கினேன். நாலு பேர் எடுத்தாங்க. ஒருத்தருக்கு நல்ல வேலை. ரெண்டு பேர் 18,000-க்குப் போறாங்க. ஒருத்தர் வீட்டுல இருக்காங்க, ரொம்ப நேரம் பேசினாங்க, கடைசியில அழுதுட்டாங்க. 18,000 சம்பளத்துல 10,200 தவணை. அப்பாகிட்ட இந்த ரெண்டு நம்பரையும் ஒரு தாள்ல எழுதிக் காட்டினேன். தறிச் சத்தத்துல பேச முடியாது, அதான் எழுதினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "கவுன்சலிங் வரைக்கும் பொறுப்போம்"னாங்க.

அதனால 25,000 கட்டல. கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.) நடத்துற கவுன்சலிங்ல அரசுக் கல்லூரியோ உதவி பெறும் கல்லூரியோ கிடைச்சா, ஹாஸ்டலுக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் சின்னதா ஒரு லோன் போடலாம்னு இருக்கோம். ரெண்டும் கிடைக்கலன்னா ஒரு வருஷம் வேலைக்குப் போயிட்டு மறுபடி எழுதுவேன். திருச்சி அண்ணன் எழுதினதையும் மறக்கல, அடுத்த வருஷம் நிம்செட்டும் எழுதுவேன். வருமானச் சான்றுக்கு இ-சேவையில போட்டாச்சு, வி.ஏ.ஓ. விசாரிச்சுட்டுப் போனார். கும்பகோணம் ஐயா, நீங்க எழுதினதை அப்பத்தாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். பத்திரத்தைப் பெட்டியில வச்சுட்டு, "அந்தப் பையனுக்கு அப்புறம் லோன் கிடைச்சுதான்னு அவர்கிட்ட கேளு"ன்னு சொன்னாங்க.

ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

தெரியவில்லை அம்மா. அவன் மறுபடி எங்கள் கிளைக்கு வரவே இல்லை.