சைக்கிளில் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) மாற்றியும் போகாத 'டக்' சத்தம்: உங்கள் அனுபவம் என்ன?

பெடல் ஒரு சுற்று வந்தால் ஒரு 'டக்'. மேட்டில் அழுத்தி மிதித்தால் பலமாகக் கேட்கும், மிதிக்காமல் உருட்டினால் சத்தமே இருக்காது. கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் கை) பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தேன். நூலிழை அளவுக்கு ஆட்டம் இருந்தது. சரி, பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் அச்சும் பேரிங்கும் உள்ள பாகம்) போய்விட்டது என்று புதிது வாங்கிவந்து வேலையில் இறங்கினேன்.

என்னுடையது பி.எஸ்.ஏ. வகை மரை, 68 மி.மீ. ஷெல் (ஃபிரேமில் பி.பி. உட்காரும் குழாய்), சதுர முனை ஆக்சில் (அச்சு) உள்ள கார்ட்ரிட்ஜ், அதாவது பேரிங்கோடு சேர்ந்த மூடிய உருளை. இடது பக்கக் கப் (கார்ட்ரிட்ஜை ஷெல்லில் பிடித்துவைக்கும் மரை வளையம்) சுலபமாகக் கழன்றது. வலது பக்கம் அசையவே இல்லை. ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்தேன், மறுநாள் ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி நீட்டித் திருப்பினேன். கருவி வழுக்கி, கப்பின் பற்கள் இரண்டு மழுங்கின. அதற்குப் பிறகுதான் நிறுத்தி யோசித்தேன். பெடலில் இடமரை (கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில் இறுகும் மரை) இருப்பது இடது பக்கம், பி.பி.யிலோ வலது பக்கம். பெடல் கணக்கை இங்கே போட்டு, கழற்றுவதாக நினைத்து முறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

வலது கப்பைக் கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். மிதிக்கும் பளுவில் அந்தக் கப் இம்மி இம்மியாக, ஆக்சில் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் நகரப் பார்க்கும், இடமரை இருப்பதால் அது தளராமல் இறுகுகிறது. இத்தாலிய மரை உள்ள ஃபிரேம்களில் (70 மி.மீ. ஷெல்) இரண்டு பக்கமும் வலமரைதான். அவற்றில் வலது கப் தானே தளர்ந்து வருவது பழைய தொல்லை.

இரண்டாம் முறை, கிராங்க் போல்ட்டில் பெரிய வாஷர் போட்டு முறுக்கி, கருவி ஆக்சிலை விட்டு நழுவாதபடி பிடிக்கவைத்தேன். கருவியின் பற்கள் ஆழமில்லாதவை, கொஞ்சம் சாய்ந்தாலும் வழுக்கிவிடும். 'கடக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், விட்டுக்கொடுத்தது. போல்ட்டைத் தளர்த்திவிட்டு மீதியைத் திருப்பினேன்.

ஷெல்லுக்குள் செங்கல் நிறத்தில் துருத் தண்ணீர் தேங்கியிருந்தது. சீட் குழாய் வழியாக இறங்கிய மழைத் தண்ணீர். பழைய பல் பிரஷ்ஷால் மரையை ஒவ்வொரு வரியாகத் தேய்த்து, துணியில் கறை படாத வரை துடைத்து, தாராளமாக கிரீஸ் பூசினேன். புதியதை முதலில் விரலாலேயே திருப்பினேன். நாலு சுற்றாவது விரலிலேயே போகவேண்டும். போகவில்லையென்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், அந்த நிலையில் ஸ்பேனர் போட்டால் ஃபிரேமே வீண். கடைசியில் டார்க் ரெஞ்சால் 60 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன்.

ஓட்டிப் பார்த்தேன். ஆட்டம் போய்விட்டது. 'டக்' மட்டும் அப்படியே இருந்தது!

மனசு விட்டுப்போனது. அப்புறம் நிதானமாக ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். எழுந்து நின்று மிதித்தாலும் சத்தம் வந்தது, அப்படியானால் சீட் இல்லை. வேறு பெடல் மாட்டினேன், மாற்றமில்லை. செயின்ரிங்கின் (கிராங்கோடு சேர்ந்து செயினை இழுக்கும் பற்சக்கரம்) ஐந்து போல்ட்டுகளையும் கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டினேன். சத்தம் நின்றது. ஃபிரேம் குழாய் வழியாகச் சத்தம் பரவுவதால் எல்லாமே பி.பி.யிலிருந்து வருவதுபோல் கேட்கிறது. ஐந்து போல்ட்டைத்தான் நான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

*

அண்ணா, எனக்கு வினை கிராங்க் புல்லரில் (ஆக்சிலிலிருந்து கிராங்கைக் கழற்றும் கருவி) வந்தது. போல்ட்டுக்கு அடியில் இருந்த வாஷரை எடுக்க மறந்துவிட்டேன். அதனால் புல்லர் இரண்டு மூன்று மரைதான் உள்ளே போனது. அப்படியே முறுக்கினேன். அலுமினிய மரை சுருள் சுருளாகப் பிய்ந்து வெளியே வந்தது. பிறகு அனுபவமுள்ள ஒரு மெக்கானிக் சொன்ன வழியில், போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, வண்டி வராத இடத்தில் மெதுவாக மிதித்துச் சுற்றினேன். கிராங்க் தானாகவே தளர்ந்து கையோடு வந்தது. ஆனால் அந்தக் கிராங்கைத் திரும்ப மாட்டவில்லை.

*

தம்பி, புதியது வாங்கும்போது ஆக்சில் நீளத்தையும் பாருங்கள். பழையதில் 118 மி.மீ. இருந்ததைக் கவனிக்காமல் 110 வாங்கி மாட்டினேன். மரை சரியாகப் பொருந்தியது, ஆனால் உள் செயின்ரிங் ஃபிரேமை உரசிப் பெயிண்டைச் சுரண்டிவிட்டது. நீளம் பெரும்பாலும் கார்ட்ரிட்ஜின் உடம்பிலேயே பொறித்திருக்கும். கழற்றியவுடன் கிரீஸைத் துடைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.