மேட்டூர் நீர்க்கணக்கு: பைத்தானில் அலகை எதுவரை கூட்டிப்போவது?

மதகடி:
வணக்கம். மேட்டூர் அணைக்கு ஒரு நீர்ச்சமநிலை மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன். நம் ஊர்த் தரவு எப்படி வருமென்று உங்களுக்கே தெரியும்: வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, இருப்பு டிஎம்சி, மட்டம் அடி, ஆவியாதல் நாளுக்கு மி.மீ., நீர்ப்பரப்பு சதுர கி.மீ. அதனால்தான் எண்ணோடு அலகையும் சேர்த்துச் சுமக்கும் பின்ட் (Pint) என்ற பைத்தான் நூலகத்தை எடுத்தேன். டிஎம்சி என்றால் 100 கோடி கன அடி என்று நானே அதில் அறிவித்துக்கொண்டேன். முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சியைக் கொடுத்தால் சுமார் 264.7 கோடி கன மீட்டர் என்று சொல்கிறது, அருமை.

இரண்டு இடத்தில் முட்டுகிறது. சைபை (SciPy) கணித நூலகத்தில் சமன்பாட்டைத் தீர்க்கும் சால்வருக்குள் போனதும் அலகு கழன்றுவிட்டதாக எச்சரிக்கை. ஆவியாதலுக்கான நிறைவாவி அழுத்தச் சூத்திரத்தில் (காற்று ஈரத்தால் நிறையும்போது நீராவி தரும் அழுத்தம்) செல்சியஸ் போட்டால் பிழை. பேசாமல் தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் எஸ்ஐ அலகுகளுக்கு (மீட்டர், விநாடி போன்றவை) மாற்றி, வெறும் எண்ணாக ஓட்டிவிடலாமா?

பழைய ஓவர்சியர்:
அலகைத் தூக்கிவிடாதீர்கள் தம்பி. சால்வர் கேட்பது அலகில்லாத வெறும் எண் வரிசை (நம்பை, NumPy). அதன் வாசலில் மட்டும் கழற்றுங்கள், விடை வெளியே வந்ததும் மாட்டிவிடுங்கள். கழற்றுவதற்கு பின்டின் 'மேக்னிட்யூட்' (magnitude) வேண்டாம்; அந்த நேரத்தில் எந்த அலகில் இருக்கிறதோ அந்த எண்ணை அப்படியே நீட்டிவிடும். 'எம்_ஆஸ்' (m_as) போட்டு, விநாடிக்குக் கன மீட்டர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கன அடியில் இருந்தால் மாற்றித் தரும். தவறிப்போய் டிஎம்சி வந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடும். சால்வரின் உள்சுற்றில் பின்ட் ஓடினால் வேகமும் படுத்துவிடும், அதற்கும் இதுதான் வழி.

செல்சியஸ் விவகாரம் வேறு. 0.6108, 17.27, 237.3 வரும் அந்தச் சூத்திரம் எம்பிரிக்கல், அதாவது அளவீடுகளுக்குப் பொருத்தி எடுத்தது. செல்சியஸ் எண்ணைப் போட்டால் கிலோபாஸ்கல் எண் வரும்படி பொருத்தி வைத்திருக்கிறார்கள், 237.3க்குள்ளேயே செல்சியஸ் இருக்கிறது. போதாததற்கு, செல்சியஸின் சுழி உண்மையான சுழி இல்லை என்பதால் பின்ட் அதைப் பெருக்கவே விடாது. அந்த ஃபங்ஷன் மேல் பின்டின் 'ரேப்ஸ்' (wraps) டெக்கரேட்டரை, அதாவது உள்ளே போகும், வெளியே வரும் அலகைக் கவனிக்கும் உறையை, போட்டு, உள்ளே செல்சியஸ், வெளியே கிலோபாஸ்கல் என்று எழுதுங்கள். கெல்வினில் கொடுத்தாலும் மாற்றிக்கொள்ளும். வெப்பநிலை வித்தியாசத்துக்கு டெல்டா செல்சியஸ் என்று தனி அலகு உண்டு.

காவிரிக்கரை:
அண்ணா சொன்னதோடு ஒன்று. தினசரி அணை நிலவரத்தில் வரும் வரத்து காலை 8 மணிக்கு எடுத்ததா, நாள் சராசரியா என்று பார்த்துவிடுங்கள். 8 மணி அளவை 24 மணி நேரத்தால் பெருக்கினாலும் பின்ட் வாய் திறக்காது, ஏனென்றால் இரண்டுக்கும் அலகு ஒன்றே. விநாடிக்கு 11,574 கன அடி நாள் முழுக்க வந்தால்தான் 1 டிஎம்சி. வெள்ளம் ஏறும் நாளில் காலைக்கும் மாலைக்கும் பல மடங்கு மாறும். மட்டத்திலிருந்து வரும் இருப்பு மாற்றத்தோடு ஒப்பிடாமல் நம்பாதீர்கள்.

பழைய ஓவர்சியர்:
சரியாகச் சொன்னீர்கள். தரவு வைக்கும் சிஎஸ்வி கோப்பின் தலைப்பு வரியிலும் அலகை எழுதிவையுங்கள். 1999இல் செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்தது இப்படித்தான்: ஒரு மென்பொருள் பவுண்டு-விநாடியில் எழுதிய கோப்பை இன்னொன்று நியூட்டன்-விநாடி என்று படித்தது. 4.45 மடங்கு வித்தியாசம்.

மதகடி:
மிக்க நன்றி. 'ரேப்ஸ்' போட்டதும் ஆவியாதல் ஓடிவிட்டது. நாளுக்கு 5 மி.மீ., பரப்பு 150 சதுர கி.மீ. என்று வைத்துப் பார்த்தால் விநாடிக்கு 300 கன அடிக்கு மேல் வருகிறது. விட்டுவிடக்கூடிய அளவு இல்லை. மேட்டூர் வரத்துக்கு மணிவாரித் தரவு யாரிடமாவது இருக்கிறதா?