செக்ரோலில் 'லேபர்', கையில் வயரிங் வேலை: என்.வி.கியூ. எடுப்பது எப்படி?

வணக்கம். வயது 43, இடம் பொகவந்தலாவைப் பக்கம். தேயிலை பெக்டரியில் வேலை. கொழுந்து வாட்டும் விசிறி மோட்டர் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். லீவு நாளில் லயத்து வீடுகளுக்கும் டவுன் கடைகளுக்கும் வயரிங் செய்கிறேன், ட்ரிப் சுவிச் மாற்றுகிறேன். கண்டியில் ஒரு கொந்தராத்துக்காரர் நிரந்தர வேலை தரத் தயார். ஆனால் எலெக்ட்ரீசியன் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்) 4ஆம் மட்டம் கட்டாயம் வேண்டுமாம்.

ஹட்டனில் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். முழுநேர வகுப்புதான் இருக்கிறது. ஷிப்டை விட்டுவிட்டுப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அப்புறம்தான் ஆர்.பி.எல். (முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை) பற்றித் தெரிந்தது: அனுபவத்துக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்டினால் வகுப்புக்குப் போகாமலே சான்றிதழ் எடுக்கலாம். சரி, நமக்கு ஏற்ற வழி என்று விண்ணப்பம் நிரப்பினேன்.

சிக்கல், அனுபவத்துக்கு ஆதாரமாகக் கம்பனி தரும் சேவைக் கடிதத்தில். செக்ரோலில் (தோட்டத்துத் தொழிலாளர் பதிவேட்டில்) நான் 'பெக்டரி லேபர்', அதனால் கடிதத்திலும் அதுவே. பெரிய கிளாக்கரிடம் கேட்டேன், துரை, அதாவது தோட்ட மேனேஜரிடமும் கேட்டேன். பதிவில் இல்லாததை எழுத முடியாது என்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஆனால் மோட்டர் எரிந்தால் மட்டும் நான் எலெக்ட்ரீசியன்! வெளிவேலைக்கு பில் எதுவும் இல்லை, போனில் படங்கள் மட்டும் உண்டு. கிராம சேவகர் வதிவிடச் சான்றிதழ்தான் தர முடியும் என்றார்.

கம்பனிக் கடிதம் இல்லாமல் ஆர்.பி.எல். மூலம் எலெக்ட்ரீசியன் என்.வி.கியூ. எடுத்தவர்கள் யாராவது இருந்தால், அனுபவத்துக்கு ஆதாரமாக எதைக் கொடுத்தீர்கள்?