பாலில் கொழுப்பு இறங்கிவிட்டது, தீவனத்தில் எதை மாற்றுவது?

சென்னிமலைத் தோட்டம்:
வணக்கங்க. ஜெர்சி கலப்பு மாடு, இரண்டாம் ஈத்து, கன்று போட்டு ரெண்டு மாசம் ஆகிறது. இரு வேளையும் சேர்த்து 12 லிட்டர் கறக்கிறது. சொசைட்டியில் 4.2 காட்டிய கொழுப்பு இப்போது 3.2-க்கு வந்துவிட்டது, விலையில் நல்ல அடி. பால் கூடட்டும் என்று கலப்புத் தீவனம் 4 கிலோவோடு மக்காச்சோள மாவு 3 கிலோ வைக்கிறோம். அதுபோக 2 கிலோ குருணையைக் கஞ்சியாகக் காய்ச்சித் தொட்டியில் ஊற்றுகிறோம். வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டுப் பாதியை மிதித்துவிடுகிறது. சாணம் இளக்கமாகவே போகிறது. குடற்புழு மருந்து கொடுத்தாச்சு. கொழுப்பு ஏறப் பருத்திக்கொட்டை வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?

வெள்ளாட்டுக்காரன்:
முதலில் கறவையைப் பாருங்க. கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். அதைக் கன்றுக்கு விட்டுவிட்டால் கேனுக்கு வருவது தண்ணிப் பால்தான்.

சென்னிமலைத் தோட்டம்:
இல்லைங்க அண்ணா, கன்றை முதலில் ஊட்டவிட்டுவிட்டு, கடைசிவரை ஒட்டக் கறந்துவிடுகிறோம்.

பட்டிக்காரம்மா:
தம்பி, பருத்திக்கொட்டை இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதைக் கூட்டினால் அடர்தீவனம், அதாவது கலப்புத் தீவனம், மாவு, குருணை மட்டுமே 9 கிலோ வருகிறது. உடம்பைப் பராமரிக்க ஒன்றரைக் கிலோ, அப்புறம் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்று கணக்குப் போட்டால் உங்கள் மாட்டுக்கு ஆறு கிலோ சொச்சம் போதும்.

வைக்கோல், சோளத்தட்டு மாதிரி நார் உள்ள தீனி முதல் வயிற்றில் நொதிக்கும்போது அசிட்டிக் அமிலம் உண்டாகிறது. மடி அதை எடுத்துத்தான் பால் கொழுப்பில் பெரும் பங்கைச் செய்கிறது. மாவுச்சத்து மிஞ்சினால் கொழுப்புக்கு உதவாத வேறு அமிலம் கூடுகிறது. பால் அளவு அப்படியே நிற்கும், கொழுப்பு மட்டும் இறங்கும். அதிலும் வெந்த கஞ்சி வேகமாகப் புளிக்கும். வயிற்றின் புளிப்பு அளவு, அதாவது பி.எச்., 6-லிருந்து 7-க்குள் இருக்க வேண்டும். 6-க்குக் கீழே இறங்கினாலே நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள்தான் முதலில் அடிபடும். உங்கள் மாடு வைக்கோலை மிதிப்பதற்கும் சாணம் இளகுவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தப் புளிப்பை அடக்குவது மாட்டின் உமிழ்நீர். பெரிய மாட்டுக்கு ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல் ஊறும், அதில் சோடா உப்பு இருக்கிறது. ஆனால் மென்றால்தான் ஊறும். கஞ்சியை உறிஞ்சிக் குடிக்கிற மாட்டுக்கு மெல்ல என்ன இருக்கிறது?

இன்று மத்தியானம் மாடு படுத்து அசைபோடும்போது பக்கத்தில் உட்காருங்கள். கழுத்தில் ஓர் உருண்டை மேலே ஏறுவது கண்ணுக்கே தெரியும். அது வாய்க்கு வந்ததிலிருந்து திரும்ப விழுங்கும்வரை எத்தனை தரம் மெல்கிறது என்று எண்ணுங்கள். 50, 60 தரம் மென்றால் நார் போதும். 40-க்குக் கீழே என்றால் போதவில்லை. கால் தாங்கி நடக்கிறதா என்றும் பாருங்கள், வயிற்றுப் புளிப்பு நீடித்தால் குளம்பில் காட்டும்.

கஞ்சியை நிறுத்துங்கள். மாவை ஒரே நாளில் வெட்டாமல் பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் மாவைக் காட்டாதீர்கள், முதலில் வைக்கோலோ தட்டோ போடுங்கள். அடர்தீவனத்தைத் தண்ணீரில் கரைக்காமல், கையில் பிடித்தால் பிடிபடும் ஈரத்தில் பிசிறி, மூன்று நான்கு வேளையாகப் பிரித்து வையுங்கள்.

சென்னிமலைத் தோட்டம்:
அம்மா, இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன், 36, 38 என்றுதான் வருகிறது. கோ-4 புல் இருக்கிறது, மெஷினில் பொடிப்பொடியாக வெட்டித்தான் போடுகிறோம். ஆப்பச்சோடா கொடுக்கலாமா?

பட்டிக்காரம்மா:
புல்லை அவ்வளவு பொடியாக வெட்டாதீர்கள் தம்பி, மெல்லுகிற வேலையே குறைந்துவிடும். ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ஆப்பச்சோடா நாளுக்கு 100 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்துத் தீவனத்தில் கலக்கலாம். உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கஞ்சியை ஊற்றிக்கொண்டே சோடா போடுவதில் பிரயோசனம் இல்லை.

வெள்ளாட்டுக்காரன்:
அக்கா, இதே வினைதானே பொங்கல் சமயத்தில் ஆடுகளுக்கும் வருவது?

பட்டிக்காரம்மா:
ஆமாங்க, அது இன்னும் வேகமாக வரும். மிச்சச் சோற்றைக் கொட்டினாலும், ஆடு அரிசி மூட்டையைப் பிரித்து மேய்ந்துவிட்டாலும், முதல் சில மணி நேரம் நன்றாகத்தான் தெரியும். அப்புறம் அசைபோடுவது நிற்கும், வயிறு தளும்பும், புளித்த வாடையோடு தண்ணீராகக் கழியும், கண் உள்ளே போய்விடும். தின்றது தெரிந்ததுமே டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் 1962-க்குப் போன் பண்ணுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். தலை துவண்டு படுத்த ஆட்டின் வாயில் மட்டும் எண்ணெயோ கஷாயமோ ஊற்றிவிடாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.