ரீடிங் ஸ்பெஷலிஸ்ட் ஆகணும்னா இன்னொரு மாஸ்டர்ஸ் படிக்கணுமா? நியூ ஜெர்சி டீச்சர்ஸ் சொல்லுங்க

மூணாங்கிளாஸ்_டீச்சர்:
வணக்கம்ங்க. நியூ ஜெர்சி பப்ளிக் ஸ்கூல்ல மூணாம் கிளாஸ் எடுக்குறேன், இது அஞ்சாவது வருஷம். என் கிளாஸ்ல ஒரு பையன், கதை வாசிச்சுக் காட்டுனா ஒரு வரி விடாம திருப்பிச் சொல்வான், ஆனா அதே புத்தகத்த கையில குடுத்தா 'ஹார்ஸ்'னு இருக்குறத 'ஹவுஸ்'னு படிக்கிறான், முதல் எழுத்தப் பாத்துட்டு மீதிய ஊகிச்சுடுறான். எங்க தடுக்குதுன்னு எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல, அது ராத்திரியெல்லாம் மனச அரிக்குது. நான் தமிழ் மீடியம், எழுத்துக் கூட்டினா வார்த்தை வந்துடும், அப்படித்தான் படிச்சேன். இங்க 'தோ', 'த்ரூ', 'டஃப்' மூணும் அதே ஓ-யு-ஜி-ஹெச்ல முடியுது, பிள்ளைங்களுக்கு எப்படி விளக்குறது?

ஊர்ல எம்.ஏ. இங்கிலீஷ் முடிச்சிருக்கேன், இங்க அந்த டிகிரிய மதிப்பிடுற இவாலுவேஷனும் வாங்கியாச்சு. ரீடிங் ஸ்பெஷலிஸ்ட், அதாவது வாசிக்கத் திணர்ற பிள்ளைங்களுக்கு உதவுற டீச்சர், ஆகலாம்னு பாக்குறேன். மறுபடி முழு மாஸ்டர்ஸ் பண்ணணுமா? வேலையோட சேத்து முடியுமா?

பச்சைப்பேனா:
நான் ரீடிங் ஸ்பெஷலிஸ்ட்டா எட்டு வருஷமா இருக்கேன்ங்க. நம்ம ஸ்டேட்ல கேக்குறது, டீச்சிங் சர்டிஃபிகேட்டோட ரெண்டு வருஷ அனுபவம், ஒரு மாஸ்டர்ஸ், அப்புறம் ரீடிங் சம்பந்தமா 30 கிராஜுவேட் கிரெடிட், அதுக்குள்ள சூப்பர்வைஸ்டு ப்ராக்டிகம், அதாவது ஒருத்தர் மேற்பார்வையில பிள்ளைங்களோட செய்ற பயிற்சி, கண்டிப்பா இருக்கணும். உங்க எம்.ஏ.வ ஒத்துக்கிட்டா அந்த 30 கிரெடிட் மட்டும் முடிக்கிற சர்டிஃபிகேஷன் ப்ரோக்ராம்ல சேரலாம், சேர்றதுக்கு முன்னாடி காலேஜ்ல இத எழுத்துல வாங்கிக்கோங்க.

சிலபஸ்தான் எனக்கு ரொம்ப முக்கியம், காலேஜ் பேர் அதுக்கப்புறம்தான். நான் படிச்ச இடத்துல முதல் வருஷம் பூரா 'படத்தப் பாரு, வாக்கியத்துல எது பொருந்தும்னு யோசி'ன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க, உங்க பையன் இப்ப பண்றது அதேதான்! வாசிப்ப எப்படிச் சொல்லிக் குடுக்கணும்னு ஆராய்ச்சிகள அலசி 2000ல வந்த நேஷனல் ரீடிங் பேனல் ரிப்போர்ட் ஒலிகளப் பிரிச்சுக் கேக்குறது, எழுத்த ஒலியோட சேக்குற ஃபோனிக்ஸ், சரளமா வாசிக்கிறது, சொல்வளம், புரிஞ்சுக்கிறதுன்னு அஞ்சையும் தெளிவாச் சொல்லிடுச்சு, அதுக்கப்புறமும் ஊகிக்கச் சொல்லிக் குடுத்தா எனக்குக் கோவம்தான் வருது. நான் அந்த ஊகிக்கிற முறைய மறந்துட்டு முதல்ல இருந்து கத்துக்கிட்டேன்.

கஃப், டன்மர்னு ரெண்டு பேர் 1986ல ஒண்ணு சொன்னாங்க, எழுத்த ஒலியாக்குற திறமையையும் மொழி புரியுற திறமையையும் பெருக்குனா வர்றதுதான் வாசிப்பு. ரெண்டுல ஒண்ணு பூஜ்யமானா விடையும் பூஜ்யம். உங்க பையனுக்கு காதால கேட்டா எல்லாம் புரியுது, அப்ப தடுக்குறது முதல் பாதிதான்னு தோணுது. அதுலயும் ஒலியப் பிரிக்க முடியலயா, எழுத்தோட சேக்க முடியலயா, இல்ல ரெண்டும் வந்தும் வேகம் வரலயான்னு டெஸ்ட் பண்ணிப் பாக்குறதுதான் நம்ம வேலை, அத ஒரு பிள்ளையோட பக்கத்துல உக்காந்து ப்ராக்டிகம்லதான் கத்துக்க முடியும், ஆன்லைன் வீடியோல வராது.

எடிசன்_அம்மா:
நான் ஸ்பெஷல் எட் (சிறப்புக் கல்வி) டீச்சர், என் பொண்ணுக்கும் டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிக்கிறதுல வர்ற குறைபாடு. பச்சைப்பேனா அக்கா சொன்னது சரிதான், ஆனா டிகிரிக்குக் காத்திருக்காதீங்க, எழுத்தையும் சத்தத்தையும் படிப்படியா சேத்துச் சொல்லிக் குடுக்குற ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறைக்கான ட்ரெய்னிங்க மொதல்ல எடுங்க. நான் அத எடுத்தப்புறம்தான் 'ஏன் ஷிப்ல ரெண்டெழுத்துக்கு ஒரே சத்தம்'னு என் பொண்ணுக்கே சொல்ல முடிஞ்சுது. ஃபேர்லே டிக்கின்சன் யுனிவர்சிட்டில அதயே கிராஜுவேட் கோர்ஸா நடத்துறாங்க, கிரெடிட்டா சேருமான்னு கேளுங்க.

பச்சைப்பேனா:
ட்ரெய்னிங் ரொம்ப நல்லதுதான்மா, ஆனா அது மட்டும் இருந்தா ரீடிங் ஸ்பெஷலிஸ்ட் போஸ்ட்டுக்கு எடுக்க மாட்டாங்க, சர்டிஃபிகேட் வேணும். இன்னொண்ணு, இந்த வேலையில பாதி நேரம் மத்த டீச்சர்ஸுக்குச் சொல்லிக் குடுக்கணும், ஸ்கூல் பூரா ரீடிங் ப்ரோக்ராம திட்டம் போடணும். பிள்ளைங்களோட மட்டும் இருக்கணும்னு வந்தா ஏமாத்தமா இருக்கும்.

குளிர்காலக்_குருவி:
காசு விஷயம் யாரும் சொல்லலயே. டீச்சர் படிப்புக்கு அரசாங்கம் குடுக்குற ஃபெடரல் டீச் கிராண்ட்ல ரீடிங் ஸ்பெஷலிஸ்ட்டும் ஹை-நீட் (ஆள் தேவைப்படுற வேலைகள்) லிஸ்ட்ல இருக்கு, வருஷத்துக்கு 4,000 டாலர் வரைக்கும் கிடைக்கும், சிட்டிசன், கிரீன் கார்டு இருக்கவங்களுக்கு உண்டு, ஹெச்-1பி, ஹெச்-4க்குக் கிடையாது. ஆனா படிச்சு முடிச்ச எட்டு வருஷத்துக்குள்ள நாலு வருஷம் ஏழைப் பிள்ளைங்க அதிகமா படிக்கிற ஸ்கூல்ல அந்த வேலைய பாக்கணும், தவறுனா மொத்தமும் லோனா மாறி வாங்குன தேதியில இருந்தே வட்டி ஏறும். எல்லா ப்ரோக்ராமுக்கும் இது வராது, உங்க 30 கிரெடிட் சர்டிஃபிகேஷனுக்கு உண்டான்னு ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸ்ல கேளுங்க. உங்க டிஸ்ட்ரிக்ட்ல ட்யூஷன் ரீஇம்பர்ஸ்மென்ட் (கட்டுன ஃபீஸ திருப்பித் தர்றது) இருக்கான்னு யூனியன் கான்ட்ராக்ட்லயும் பாருங்க, என்னோட பாதிக் கிரெடிட் அதுலதான் முடிஞ்சுது.

மூணாங்கிளாஸ்_டீச்சர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. எங்க ஸ்கூல் டைட்டில் ஒன்தான், ஏழைப் பிள்ளைங்க அதிகம் படிக்கிறதால ஃபெடரல் உதவி வாங்குற ஸ்கூல், கிரீன் கார்டும் இருக்கு, அதனால கிராண்ட் விசாரிக்கிறேன். சிலபஸ் கேட்டு ரெண்டு காலேஜுக்கு மெயில் போட்டாச்சு. அக்கா, ஒலியப் பிரிக்கிற டெஸ்ட் எதையாவது நாளைக்கே அந்தப் பையனோட உக்காந்து பண்ணிப் பாக்கலாமா?

பச்சைப்பேனா:
பண்ணுங்க. புத்தகம் வேண்டாம், வாயாலதான். 'ஸ்டாப்'னு சொல்லச் சொல்லுங்க, அப்புறம் அதுல 'ட்' சத்தத்த எடுத்துட்டுச் சொல்லச் சொல்லுங்க. 'ஸாப்'னு வருதா இல்ல திணர்றானா, இந்த மாதிரி ஒரு பத்து வார்த்தை பாத்துட்டு இங்கயே எழுதுங்க, அடுத்து என்ன பண்றதுன்னு சொல்றேன்.